முதல் பெட்டிக்குக் குங்குமம்

நான் சிங்கப்பூருக்குப் போனது ஒரு சிட்டிகை குங்குமத்தால். எங்கள் ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் உண்டு, சுற்றிப் பார்க்கப் போனவர்களும் உண்டு. செய்த தப்புக்கு விளக்கம் சொல்வதற்காக விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவன் நான் ஒருவன்தான்.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். சிங்கப்பூர் கம்பெனி ஒன்று அங்கே ஆலை வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் ஊசி, கத்தரி வைக்கிற பிளாஸ்டிக் தட்டுகள் செய்கிறோம். கம்பெனியின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதச் சொல்லியிருந்தாலும் எனக்கு அதைப் பிழையில்லாமல் எழுத வந்திருக்காது. நான் பேக்கிங் பகுதியில் இருக்கிறேன். தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, ஒட்டி, லாரியில் ஏற்றும் வேலை. மொத்தம் நாற்பத்து மூன்று பேர். நாலு ஆண்களைத் தவிர எல்லாரும் பெண்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அங்கே 'லோடு இன்சார்ஜ்' என்று பதவி. கூச்சத்தில் இதை என் மாமனார் வீட்டில்கூடச் சொன்னதில்லை. டிரைவர் என்று அவர்களாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும்.

ஒவ்வொரு லோடிலும் முதல் பெட்டியின் மூலையில் கொஞ்சம் குங்குமம் வைப்பேன். வை என்று யாரும் சொல்லவில்லை. வைக்காமல் விட்டிருந்தால்தான் பெண்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்து புகார் வந்தது. பெட்டிகளில் சிவப்புத் தூள் இருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற சாமான் என்பதால், வாங்குகிற நிறுவனம் ஒரு லோடையே ஒதுக்கி வைத்துவிட்டது. இயந்திரத்தின் துருவா, லாரியின் பெயிண்டா, தரையில் செங்கல் பொடியா என்று ஆலை முழுக்கத் தேடினோம். மூன்று வாரம். 'தேடினோம்' என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நானும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் படுத்துத் தேடினேன். அப்போது என் சட்டைப் பையில் குங்குமச் சிமிழ் இருந்தது. குங்குமம் அழுக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு மட்டுமில்லை, அந்த ஆலையில் யாருக்குமே தோன்றவில்லை.

கடைசியில் பரிசோதனைக் கூடத்திலிருந்து தாள் வந்தது. மஞ்சள், சுண்ணாம்பு, கொஞ்சம் சாயம். தர அதிகாரி நித்யா மேடம் அதைப் படித்தார். என் மகள் வயதுதான் அவருக்கு. படித்து முடித்து மெதுவாகத் தலையைத் தூக்கி என் நெற்றியைப் பார்த்தார்.

"ஏழுமலையண்ணா..." என்றார்.

விஷயம் அதோடு முடியவில்லை. தட்டுகளை மட்டும் எங்கள் ஊரில் செய்துகொண்டு, பெட்டி கட்டும் வேலையை வியட்நாமில் இருக்கும் இன்னொரு ஆலைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று சிங்கப்பூரில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அதை முடிவு செய்யும் முன், பெட்டி கட்டுகிற ஆள் நேரில் வந்து, வாங்குகிறவர்கள் கண் முன்னால் கட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். அந்த ஆள் நான். துணைக்கு நித்யா மேடம்.

கிளம்புகிற அன்று, பேக்கிங்கில் மூத்தவளான மல்லிகா கேட் வரைக்கும் வந்தாள்.

"அண்ணா, அங்க போயி நீ ஒண்ணும் பேசாத. பேசனா கெடுத்துடுவ."

"சரிம்மா."

"பேசாம இருந்தாலும் கெடுத்துடுவ. இன்னா பண்றதுன்னு எனக்கும் தெரியல. போயிட்டு வா."

வெளிநாடு என்று பயந்து பயந்து வந்து இறங்கினால், சிராங்கூன் ரோட்டில் மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெற்றிலை இருக்கிறது, முருங்கைக்காய் இருக்கிறது, எங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்காத நல்ல கத்தரிக்காய்கூட இருக்கிறது. வீட்டிலிருந்து மூன்று பாட்டில் ஊறுகாய் கட்டிக்கொண்டு போயிருந்தேன். நாங்கள் தங்கிய விடுதியின் கீழேயே ஊறுகாய்க் கடை. என் பாட்டில்களைப் பெட்டிக்குள்ளேயே ஒளித்து வைத்தேன்.

ரயில் நிலையத்து நகரும் படிக்கட்டில் எல்லாரும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறார்கள், மறுபக்கம் அவசரக்காரர்களுக்கு. நான் சரியாக அந்த மறுபக்கத்தில் நின்றேன். பின்னால் ஒருவர் மென்மையாக ஏதோ சொன்னார். நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து அவருக்கு ஒரு வணக்கம் வைத்தேன். நித்யா மேடம் என்னைக் கையைப் பிடித்து இழுத்தார். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒதுங்கி வழிவிடுகிறவர் பேருந்தை விட்டுவிடுவார். இங்கே ஒதுங்காவிட்டால் ஊரே நின்றுவிடும்போல இருக்கிறது.

ராத்திரிச் சாப்பாடு வாழையிலையில். மேடம் மீன் தலைக் கறி கேட்டார். வந்த தலையைப் பார்த்தால், உடம்போடு வந்திருந்தால் அதற்கு மேசையே போதியிருக்காது. எதிர் நாற்காலியில் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கப்பல் பட்டறையில் வெல்டர். பார்த்தவுடன் கேட்டார்:

"புதுசா வந்துருக்கீங்களா? எந்தக் கம்பெனி?"

கம்பெனி எங்கள் ஊரிலேயே இருக்கிறது, நான் மூன்று நாளுக்காக வந்திருக்கிறேன் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அப்ப நீங்க வீட்ல படுத்து எந்திரிச்சுக்கிட்டு சிங்கப்பூர்க்காரன்கிட்ட வேலை பாக்குறீங்க. நான் சிங்கப்பூர்ல படுத்து எந்திரிச்சுக்கிட்டு வீட்டை போன்ல பாக்குறேன். என்னய்யா இது!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ரசத்தையும் அவரே எனக்கு எடுத்து ஊற்றினார். எங்கள் ஊரில் ஆலை வரும் முன்பு நான் பெங்களூரில் சித்தாள் வேலை பார்த்தவன். மாதத்துக்கு ஒருமுறை வீடு. ஆலை வந்த பிறகு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக் குழம்பு. எங்கள் ஆலைக் கேட்டுக்கு எதிரே மெஸ் நடத்துகிறவர், சீருடை தைக்கிற தையல்காரர், ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற வேன்காரர்கள், சாயங்காலம் ஷிப்டு விடும் நேரத்துக்குச் சரியாகப் பூக்கூடையோடு வந்து உட்காருகிற அம்மா, இவர்களில் யாரும் சம்பளப் பட்டியலில் இல்லை. ஆனால் பேக்கிங் போனால் அவர்கள் வேலையிலும் பாதி போய்விடும். இத்தனை பேர் பிழைப்பும் என் விரல் நுனியில் ஒட்டியிருந்தது என்பது விமானம் ஏறும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடிக்கடி கையையாவது கழுவியிருப்பேன்.

மறுநாள் சாங்கிப் பக்கம் கம்பெனியின் கிடங்குக்குப் போனோம். கிடங்கு என்றால் நான் மூட்டையும் எலியும் நினைத்திருந்தேன். உள்ளே போனால் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தைவிடச் சுத்தம். நித்யா மேடம் மேலே அலுவலகக் கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் கீழே சுவரோரம், எந்த இடத்தில் நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று தேடித் தேடி, கடைசியில் பாரம் தூக்கும் வண்டி வருகிற வழியில் நின்றிருக்கிறேன்.

வண்டி என் முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஐம்பது தாண்டிய ஓர் அம்மா. ஒளிரும் மஞ்சள் சட்டை, காதில் கல்தோடு.

"அண்ணே, சாகணும்னா வெளியில ரோடு இருக்குலா, இங்க வேணாம்" என்றார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். "செய்யாறா? அந்தப் பொட்டு வைக்கிற ஆளு நீங்கதானா?"

தலையாட்டினேன். என்னைவிட மூத்தவர் என்னை அண்ணன் என்றது என் நரையின் வேலை.

"நான் சரோஜா. உங்க பெட்டி எல்லாம் நான்தான் இறக்குறது. ரொம்ப வருஷமா பாக்குறேன். யாருடா இது, பெட்டிக்குப் பொட்டு வச்சு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புற மாதிரி அனுப்புறாங்கன்னு."

"அக்கா, அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமே. ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

"என்கிட்ட யாரு கேட்டா? ஆபீஸ்காரங்க ஆபீஸ்காரங்களத்தான் கேப்பாங்க. லேப்புக்கு அனுப்புனாங்க, இன்ஜினியரக் கூப்பிட்டாங்க. மேல இருந்து கீழ வந்து, 'சரோஜா, இது என்ன?'ன்னு கேட்டிருந்தா ஒரு நிமிஷம். நீங்க ஏன் சொல்லல?"

"என்கிட்டயும் யாரும் கேக்கல."

அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்து, என்னை மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து உணவங்காடிக்குக் கூட்டிப்போனார். சுற்றிலும் கடைகள், நடுவில் மேசைகள், நல்ல கூட்டம். சாப்பாடு வாங்கிவர அவர் போனார். இடம் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. அதிர்ஷ்டவசமாக ஒரு மேசை காலி. அதன் மேல் யாரோ காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல பிள்ளையாக அதை எடுத்துப்போய் மேசை துடைக்கிற பெரியவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் கையில் தட்டுகளோடு வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பொட்டலம்தான் அந்த ஊரில் துண்டு போட்டு இடம் பிடிப்பது. சரோஜா அக்கா வந்து மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்டார். நாங்கள் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

சாப்பிடும்போது அவர் கதையைச் சொன்னார். "எங்கம்மா ஜப்பான்காரன் ஃபேக்டரில ரேடியோ பூட்டுனாங்க. அந்தச் சம்பளத்துலதான் நாங்க படிச்சோம், பிடோக்ல வீடு வந்துச்சு. நான் அமெரிக்காக்காரன் ஃபேக்டரி. கம்ப்யூட்டர் பார்ட்ஸ். இருபது வருஷம் இருக்கும். ஒரு நாள் காலைல போறேன், கேட்ல நோட்டீஸ். லைன் எல்லாம் வேற நாட்டுக்குப் போச்சு."

"என்னக்கா பண்ணீங்க?"

"ரெண்டு நாள் அழுதேன். மூணாவது நாள் ஃபோர்க்லிஃப்ட் கிளாஸ்ல பேர் குடுத்தேன். எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். இப்ப அவர் ரிட்டயர்ட், நான் ஓட்டுறேன்." தட்டிலிருந்த கடைசி நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பேக்கிங் வியட்நாம் போச்சுன்னா பெட்டி அங்கேருந்து நேரா கஸ்டமருக்குப் போயிடும். இந்த ரேக் பாதி காலி. நான் எதைத் தூக்குறது? நாளைக்கு ஒழுங்கா கட்டிக் காட்டுங்க அண்ணே. பொட்டு கிட்டு வச்சீங்க, வண்டிய மேல ஏத்திருவேன்."

அதுவரை எங்கள் நாற்பத்து மூன்று பேர் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். கல்தோடு போட்ட நாற்பத்து நான்காவது ஆள் எதிரே நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மேடத்துக்கு வேலை முடியவில்லை. பேருந்து எண்ணைச் சொல்லி, பயண அட்டையைக் கொடுத்து, தனியாகப் போகச் சொன்னார். நிறுத்தத்தில் நின்றேன். பேருந்து வந்தது, போனது. அடுத்ததும் அப்படியே. கை நீட்டினால்தான் நிற்குமாம். தெரியாத ஊரில் அவ்வளவு பெரிய வண்டியைக் கை காட்டி நிறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். மூன்றாவது பேருந்து வேறு யாருக்காகவோ நின்றது, ஏறிக்கொண்டேன். இறங்க வேண்டிய இடத்தில் மணியை அழுத்த வேண்டும். யாராவது அழுத்தட்டும், அவர்களோடு இறங்கிவிடலாம் என்று காத்திருந்தேன். யாரும் அழுத்தவில்லை. கடைசியில் டிரைவர் எழுந்து வந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல என் தோளைத் தொட்டார். வெளியே பார்த்தால் கடற்கரை. நான் எதிர்த்திசையில் வந்திருந்தேன்.

அந்தக் கடற்கரையில் தேங்காய்ப்பால் சோறும் பொரித்த முட்டையும் வாங்கிச் சாப்பிட்டேன். மிகவும் நன்றாக இருந்தது. தப்பான இடத்தில் கிடைக்கிற சாப்பாடுதான் எனக்கு எப்போதும் ஒத்துக்கொள்கிறது. தலைக்கு மேல் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஏறி எங்கேயாவது போய்விடலாமா என்றும் தோன்றியது. ஆனால் எந்தப் பக்கம் நின்று கை காட்டுவது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள், கட்டிக் காட்டுகிற நாள். விடியும்போதே எழுந்து குளித்து, பக்கத்திலிருந்த அம்மன் கோயிலுக்குப் போனேன். இன்று ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள் என்று வேண்டினேன். குருக்கள் குங்குமம் கொடுத்தார், உள்ளங்கை நிறைய. நெற்றியில் வைத்தது போக மீதியை எங்கள் ஊரில் தூணில் தடவிவிட்டு வருவோம். அந்தக் கோயில் தூண் பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. எங்கே போடுவது என்று கேட்கக் கூச்சம். ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், பேனாவுக்குப் பக்கத்தில்.

கிடங்கில் ஒரு மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். முடிவெடுக்கிறவர் திரு. லிம், ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அவரைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆறுதல், இவரும் கூச்சக்காரர்போல. வாங்குகிற நிறுவனத்திலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மா வந்திருந்தார். அவர்தான் லோடை ஒதுக்கி வைத்தவர். நித்யா மேடம் என் நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கையில் வெள்ளை உறை மாட்டிவிட்டார். மேடம் எங்கள் ஆலை ஆள் என்பதால், மொழிபெயர்க்கச் சரோஜா அக்காவை நிறுத்தியிருந்தார்கள்.

கட்டினேன். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. தட்டை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்து, அடுக்கி, எண்ணி, மேல் தாள் போட்டு, நாடா ஒட்டி, மூலையை அழுத்தி, கடைசிப் பெட்டிவரை ஒரு பிசகில்லை. லிம் தலையாட்டுவது தெரிந்தது. கண்ணாடி அம்மாகூடக் கையைக் கட்டியிருந்தவர் அவிழ்த்தார். கடைசியாக லோடு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். தாள் பறக்காமலிருக்க மறு கையால் பிடித்தேன். பிறகு வழக்கம்போல முதல் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினேன்.

வெள்ளைப் பெட்டியின் மூலையில், என் கட்டைவிரல் அகலத்துக்கு, சிவப்பாக.

பேனாவில் குங்குமம். உறையில் குங்குமம். கையெழுத்துப் போட்ட தாளிலும் குங்குமம். பையில் காகிதம் அவிழ்ந்து, என் சட்டையில் நெஞ்சுப் பக்கம் சுடப்பட்டவன் மாதிரி சிவந்திருந்தது. நித்யா மேடம் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடி அம்மா மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டார்.

லிம் என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார்.

"எல்லாத்தையும் சொல்லச் சொல்றார் அண்ணே" என்றார் சரோஜா அக்கா.

சொன்னேன். குங்குமத்தைச் சொன்னேன். லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் லாரிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துவதையும் சொன்னேன். மொழிபெயர்ப்பு கற்பூரத்துக்கு வந்ததும் லிம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"நெருப்பான்னு கேக்குறார். பிளாஸ்டிக் ஏத்துன லாரிக்கிட்ட நெருப்பா?" சரோஜா அக்கா பல்லைக் கடித்தார். "ஐயோ அண்ணே, அத யாரு கேட்டா?"

"எல்லாத்தையும் சொல்லச் சொன்னாரே அக்கா. கேட்டுக்கு வெளியிலதான் கொளுத்துவோம்னு சொல்லுங்க."

அடுத்து லிம் கேட்டது எனக்கு எதிர்பாராததாக இருந்தது. ஏன் முதல் பெட்டியில் மட்டும்? எல்லாப் பெட்டியிலும் ஏன் இல்லை?

"எண்ணி முடிச்சாத்தான் வைப்போம் சார்" என்றேன். "ஏத்துறதுக்கு முன்னாடி லோடு முழுசும் எண்ணுவோம், மூடி அழுத்திப் பாப்போம். ஒரு தடவை நான், ஒரு தடவை மல்லிகா. ரெண்டும் ஒத்துப்போனா முதல் பெட்டிக்குக் குங்குமம். ஒத்துப்போகலன்னா வைக்க மாட்டோம். வைக்காம லாரிய எடுக்க டிரைவரே சம்மதிக்க மாட்டார்."

சரோஜா அக்கா இதை உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு லிம் பக்கம் திரும்பி நீளமாகப் பேசினார். முகம் சிவந்துவிட்டது. என்ன சொன்னார் என்பதை நித்யா மேடம் என் காதில் சொன்னார்:

"அந்த அம்மா தன்னோட தப்பைச் சொல்றாங்கண்ணா. சிவப்பு இருக்குற லோடை அவங்க மறுபடி எண்ணுறதே இல்லையாம். எண்ணாமலே எண்ணினதா எழுதிடுவாங்களாம். ஏன்னா முன்னாடி எண்ணிப் பாத்த வரைக்கும் அதுல ஒரு நாளும் குறைஞ்சதில்ல. சிவப்பு இல்லாம நாலு லோடு வந்துச்சாம், அதுல ரெண்டுல பெட்டி குறைஞ்சுதாம்."

அது நான் காய்ச்சலில் படுத்திருந்த மாதம். சிமிழ் என்னிடம் இருந்தது. எனக்குப் பதில் வந்தவர் அவசரக்காரர், டிரைவரையும் அதட்டி அனுப்பிவிட்டார்.

சரோஜா அக்கா சொல்லியிருக்க வேண்டியதில்லை. யாரும் கேட்கவில்லை. எழுதிய தாள்களுக்கு நாளைக்கே அவரைக் கேள்வி கேட்கலாம். வண்டியின் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லிம்மும் கண்ணாடி அம்மாவும் மேலே போய்ப் பழைய பதிவுகளைப் பார்த்தார்கள். வெகு நேரம் ஆனது. நாங்கள் மூன்று பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நித்யா மேடம் நகம் கடித்தார். நான் ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிந்தது. "என்ன ஊறுகாய்?" என்றார் சரோஜா அக்கா. எலுமிச்சை என்றேன். "எலுமிச்சம்பழப் பேச்சே எடுக்காதீங்க" என்றார் மேடம்.

அவர்கள் இறங்கி வந்தார்கள். லிம் நின்றபடியே சொன்னார், சரோஜா அக்கா சொற்களை எண்ணி எண்ணித் தமிழில் வைத்தார். பழைய பதிவுகளும் சரோஜா சொன்னதையே சொல்கின்றன, அதனால் பேக்கிங் செய்யாறிலேயே இருக்கும். வியட்நாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். குங்குமத்துக்குப் பதில் ஒரு முத்திரை அச்சு. இரண்டு பேர் எண்ணிய பிறகுதான் அதைக் குத்த வேண்டும். இங்கே சரோஜா இனிமேல் எண்ண வேண்டும், ஒவ்வொரு லோடையும். அவருக்கு அவ்வளவுதான் தண்டனை. எனக்கு ஒரு தாள். அதை அக்கா படித்துக் காட்டினார்: "பெட்டி மீதோ லாரி மீதோ தூள், திரவம், பூ, பழம், நெருப்பு எதுவும் வைக்க மாட்டேன்." கையெழுத்துப் போட லிம் தன் பேனாவை நீட்டினார். என் பேனாவை நான் தொடவே கூடாது என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இத்தனை வருஷம் லோடு குறையாமல் போனது அம்மன் காப்பாற்றியதால் என்று நினைத்திருந்தேன். எண்ணியதால்தான் என்று இவர்கள் தாள் வைத்துச் சொல்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் நான் வேண்டியவன் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊரில் அப்போது மதியம். இரண்டு மணி லாரி நிற்கிற நேரம். எண்ணுவதைக் காதால் கேட்க வேண்டும் என்று லிம் ஆசைப்பட்டார். நித்யா மேடம் போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"அண்ணா" என்றாள் மல்லிகா. பின்னால் மற்ற பெண்களின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. "சிங்கப்பூரப் பத்தியெல்லாம் அப்பறம் சொல்லு. வேல இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

உடனே கிளம்பிய கூச்சலில் கண்ணாடி அம்மா ஓரடி பின்வாங்கினார். யாரோ அழுதார்கள், யாரோ அழுகிறவளை அதட்டினார்கள். மல்லிகாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது: "சரி சரி, லாரிக்காரன் கத்துறான். பொட்டு வெக்கலாமா வேணாமா?"

"வேணாம். எண்ணிட்டீங்களா?"

"ஒரு தடவ ஆச்சு."

"இன்னொரு தடவ எண்ணு. சத்தமா. இங்க எல்லாரும் கேக்குறாங்க."

அவள் ஆரம்பித்தாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சுத்தமான கிடங்கு முழுக்க எங்கள் ஊர்ப் பெண்களின் குரல்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

லிம் புருவத்தைச் சுருக்கினார். முதலில் சொன்னது மற்ற எண்களைப்போல் இல்லையே, அது என்ன என்று கேட்டார். எங்கள் பக்கம் எதை எண்ணினாலும் முதலாவதை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவோம். எல்லாத்தையும் சொல்லச் சொன்னபோது இதைச் சொல்ல மறந்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட தாளில் இதற்கு இடமும் இல்லை. சரோஜா அக்கா அவருக்கு அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சொன்னார்.

லிம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாருக்கு லாபம்னு கேக்குறார் அண்ணே."

மேசையிலிருந்து பதிமூன்று, பதினான்கு என்று வந்துகொண்டிருந்தது. நித்யா மேடம் என்னைப் பார்த்தார், பேசாதீர்கள் என்பதுபோல.

"எண்ணி முடிக்கட்டும் சார், சொல்றேன்" என்றேன்.

சரோஜா அக்கா அதைச் சொன்னதும் லிம் தலையாட்டினார். நாங்கள் எல்லாரும் போனைச் சுற்றி நின்று, கடைசிப் பெட்டி வரும்வரை கேட்டோம்.